வீட்டில் மயங்கி விழும் நாய், கிளினிக்கில் துள்ளும் நாய்: ஹோல்டர் கருவி எதற்கு?

பந்தை எடுக்க ஓடிய நாய் நடுவழியில் கால் மடங்கிப் பொத்தென்று விழுகிறது. பத்து பதினைந்து விநாடி அசையாமல் கிடக்கிறது, அப்புறம் தானே எழுந்து ஒன்றுமே நடக்காத மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால், அவர் ஸ்டெத் வைத்துப் பார்க்கிறார், ஈசிஜி எடுக்கிறார், ரத்தம் எடுத்து அனுப்புகிறார், எல்லாமே சரியாக இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பி இரண்டாவது நாள் மறுபடி விழுகிறது.

இதில் டாக்டர் மேலும் தப்பில்லை, ஈசிஜி மெஷின் மேலும் தப்பில்லை. இதயத் துடிப்பில் வரும் கோளாறுகள் பலவும் நாள் முழுக்க இருப்பவை அல்ல. திடீரென்று வரும், சில விநாடிகள் ஆட்டம் காட்டும், போய்விடும். கிளினிக்கில் நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து எடுக்கிற ஈசிஜி, நீளமாக எடுத்தாலும் சில நிமிடங்கள்தான். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள் இருக்கின்றன. நிமிடத்துக்குச் சராசரியாக 80 துடிப்பு என்று வைத்துக்கொண்டால் அந்த நாயின் இதயம் ஒரு நாளில் ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் தடவை துடிக்கிறது. அதில் சில நூறு துடிப்பை மட்டும் பார்த்துவிட்டு மீதியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, கிளினிக் வாசலை மிதித்ததுமே பாதி நாய்களுக்குப் பயத்தில் துடிப்பு எகிறிவிடும், அந்த அவசரத்தில் மெதுவான துடிப்பில் மட்டும் தலைகாட்டும் கோளாறுகள் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் என்ற கருவியை நாயோடு வீட்டுக்கே அனுப்புகிறார்கள்.

ஈசிஜி என்ன செய்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். இதயத்தின் மேலறையில் இருக்கும் ஒரு சிறு கணுவிலிருந்து மின் தூண்டல் கிளம்பி, மேலறையிலிருந்து கீழறைக்கு இறங்கி, தசையைச் சுருங்க வைக்கிறது, அந்த மின்னோட்டத்தின் சாயலைத் தோல்மேல் வைத்த எலக்ட்ரோடுகள் பிடித்துக் கோடாக வரைகின்றன. கணு சோம்பினால் கோட்டில் நீண்ட இடைவெளி விழும். கீழறைத் தசை தானாக முந்திக்கொண்டு துடித்தால் அகலமாக, கோணல்மாணலாக ஒரு துடிப்பு நடுவில் நுழையும். இந்த இரண்டாவது வகையை டாக்டர்கள் விபிசி என்பார்கள். கட்டுரை முழுக்க இது வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களின் ஈசிஜி கொஞ்சம் தெரிந்தவர்கள் நாயின் ஈசிஜியைப் பார்த்தால் பயந்துவிடுவார்கள். நாய்க்கு மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாகும், விடும்போது மெதுவாகும், கோட்டில் இரண்டு மூன்று துடிப்பு நெருங்கி வந்து அப்புறம் ஒரு இடைவெளி, மறுபடி நெருக்கம் என்று போகும். ஆரோக்கியமான நாய்க்கு இது இயல்பு. தூங்கும்போது இரண்டு விநாடிக்கு மேல் இடைவெளி விழுவதுகூடப் பல நாய்களுக்குச் சாதாரணம். அதனால் ஒரு பதிவைப் படிக்கிறவர் நாயின் இதயத்தைப் படித்துப் பழகியவராக இருக்க வேண்டும். இந்த விஷயம் பின்னால் போன் ஆப் பற்றிப் பேசும்போது மறுபடி வரும்.

கதைக்குள் ஒரு கிளைக்கதை. ஈசிஜி வரலாற்றில் நாய்க்கு ஆரம்பத்திலிருந்தே பங்கு உண்டு. மனித இதயத்தின் மின்னோட்டத்தை 1887-இல் லண்டனில் முதலில் பதிவு செய்து காட்டிய அகஸ்டஸ் வாலர், ஜிம்மி என்ற தன்னுடைய புல்டாக்கை வைத்துத்தான் பிற்பாடு செயல்விளக்கம் காட்டுவார். உப்புத் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரங்களில் ஜிம்மி காலை வைத்துக்கொண்டு சாதுவாக நிற்கும், அந்தத் தண்ணீர்தான் எலக்ட்ரோடு. 1909-இல் ராயல் சொசைட்டியில் இதைப் பார்த்த யாரோ கொதித்துப்போக, மிருகவதைச் சட்டத்தை மீறிவிட்டார்கள் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. அது சாதாரண உப்புப் போட்ட தண்ணீர்தான், கேள்வி கேட்ட உறுப்பினர் எப்போதாவது கடலில் கால் நனைத்திருந்தால் அந்த அனுபவம் அவருக்கே தெரிந்திருக்கும் என்கிற பாணியில் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் கிளாட்ஸ்டன் பதில் சொன்னார்.

கருவியைக் கூடவே சுமக்கும் யோசனை அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹெலனா என்ற ஊரைச் சேர்ந்த நார்மன் ஹோல்டருடையது. 1940-களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் மாட்டிக்கொள்ள வேண்டும், எடை சுமார் 38 கிலோ. அதாவது ஒரு பெரிய லாப்ரடாரின் எடை. 1961-இல் அவருடைய கட்டுரை சயன்ஸ் இதழில் வந்தபோது கருவி நன்றாகவே சிறுத்திருந்தது, இன்றைக்குத் தீப்பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை, இன்னமும் ஹோல்டர்தான்.

நாய்க்கு ஹோல்டர் மாட்டுவது பார்க்கப் பெரிய ஏற்பாடு மாதிரி இருக்கும், வலி எதுவும் இல்லை. மார்பின் இரண்டு பக்கமும், முழங்கைக்குப் பின்னால், ட்ரிம்மரால் முடியை எடுத்துவிடுவார்கள். தோலைத் துடைத்துக் காயவைத்து, ஒட்டும் எலக்ட்ரோடுகளை வைத்து, வயர்களைக் கருவியோடு இணைத்து, மேலே கட்டுப்போட்டு ஒரு ஜாக்கெட்டையும் மாட்டிவிடுவார்கள். மயக்க மருந்து தேவையில்லை, கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் மருந்தே துடிப்பை மாற்றிவிடும். பெரும்பாலான நாய்கள் அரைமணி நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு மறந்துவிடும். குறைந்தது 24 மணி நேரம், சில சமயம் 48, சில கருவிகளில் ஒரு வாரம்கூட ஓடும். குளிப்பாட்டக் கூடாது. இன்னொரு நாய் வீட்டில் இருந்தால் வயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாய் சொந்தக்காரர்கள் இங்கே அடிக்கடி ஒரு தப்பு செய்கிறார்கள். கருவி மாட்டியிருக்கிறதே, பாவம், என்று நாயை நாள் முழுக்கக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் ஓடும்போது விழுகிற நாயின் இதயம் ஓடும்போது என்ன செய்கிறது என்று பதிவில் எங்கே இருக்கும்? டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, வழக்கமாகப் போகிற நடை, விளையாட்டு, மாடிப்படி, கேட்டில் யாராவது வந்தால் குரைப்பது எல்லாம் இருக்கட்டும். கூடவே ஒரு டைரி கொடுப்பார்கள், அதைச் சும்மா சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். 6:40 நடை, 7:15 சாப்பாடு, 11 மணிக்குத் தூக்கம், 4:05 தள்ளாடியது என்று கடிகாரம் பார்த்து எழுதினால்தான் பதிவில் 4:05-க்குப் போய் அந்த விநாடியில் இதயம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்க முடியும். நேரம் இல்லாத டைரியால் பாதிப் பயன் போய்விடும். நானாக இருந்தால் கருவியை மாட்டும்போதே போனின் நேரத்தையும் கருவியின் நேரத்தையும் ஒப்பிட்டுக்கொள்வேன்.

பதிவைக் கொடுத்த பிறகு ரிப்போர்ட் வர ஏன் நாள் ஆகிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளைக் கம்ப்யூட்டர் முதலில் வகை பிரிக்கும். அந்த சாஃப்ட்வேர் பெரும்பாலும் மனிதர்களுக்காக எழுதியது, நாயின் மூச்சோடு ஏறி இறங்கும் துடிப்பைப் பார்த்துக் குழம்பும், நாய் உடம்பை உதறினால் வரும் கிறுக்கலை விபிசி என்று எண்ணும். அதனால் பழகிய ஒருவர் உட்கார்ந்து கையால் திருத்த வேண்டும். திருத்தாமல் வரும் ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் மருந்து தொடங்கக் கூடாது.

சில இனங்களுக்கு மயக்கமே வராமல்கூட ஹோல்டர் தேவைப்படுகிறது. டாபர்மேன் முதல் உதாரணம். இந்த இனத்துக்கு இதயத் தசை பலவீனமாகி இதயம் வீங்கும் நோய் அதிகம், ஜெர்மனியில் மியூனிக் பல்கலைக்கழகக் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில் வாழ்நாள் கணக்கில் டாபர்மேன்களில் பாதிக்கும் மேல், 58 சதவீதம், இந்த நோய்க்கு ஆளாவதாகத் தெரிந்தது. வெளியே எதுவும் தெரியாமல் வருடக்கணக்கில் உள்ளேயே வளரும், சில நாய்களுக்கு முதல் அறிகுறியே திடீர் மரணம்தான். அதனால் ஐரோப்பிய கால்நடை இதய மருத்துவர்கள் 2017-இல் தந்த வழிகாட்டுதலில், மூன்று வயதிலிருந்து ஆண்டுதோறும் ஹோல்டரும் எக்கோவும் (இதயத்தை எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார்கள். 24 மணி நேரத்தில் 300-க்கு மேல் விபிசி இருந்தாலோ, ஒரு வருடத்துக்குள் எடுத்த இரண்டு பதிவுகளில் 50-லிருந்து 300 வரை இருந்தாலோ நோய் என்று கொள்ளலாம், எக்கோவில் இதயம் நன்றாகத் தெரிந்தாலும் சரி. கிளினிக்கில் எடுக்கும் ஐந்து நிமிட ஈசிஜியில் ஒரே ஒரு விபிசி வந்தால்கூட டாபர்மேனில் அதை அலட்சியம் செய்யக் கூடாது, ஹோல்டருக்கு அனுப்ப வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஒன்றும் வரவில்லை என்றால் நிம்மதி அடையலாமா? முடியாது. 300 விபிசி என்பதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் ஐந்து நிமிடத்துக்குச் சராசரியாக ஒன்றுதான் தேறும், அதிலும் அவை சமமாகப் பிரிந்து வருவதில்லை, கூட்டமாக வந்துவிட்டுக் காணாமல் போகும்.

பாக்ஸர் இனத்தின் நோய் வேறு வகை, வலது கீழறைத் தசையில் கொழுப்பும் நாரும் புகுந்து அங்கிருந்து விபிசிகள் கிளம்பும். இங்கே ஹோல்டர் இன்னொரு பாடம் சொல்லிக்கொடுத்தது. மருந்து எதுவும் கொடுக்காமலே ஒரே பாக்ஸருக்கு இன்றைக்கும் நாளைக்கும் விபிசி எண்ணிக்கை 80 சதவீதம் வரை மாறலாம் என்று ஆய்வில் கண்டார்கள். ஆகவே மருந்து தொடங்கிய பிறகு எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது என்று கொண்டாட முடியாது, அது அன்றைய நாளின் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று கொஞ்சம் நம்பலாம். எனக்கு இதுதான் இந்தத் துறையிலேயே பிடித்த விஷயம், ஒரு எண்ணைப் பார்த்ததும் முடிவுக்கு வரவிடாது.

ஜெர்மன் ஷெப்பர்டில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. பரம்பரையாக வரும் ஒரு கீழறைத் துடிப்புக் கோளாறு, ஆறேழு மாதக் குட்டிகளில் உச்சத்துக்கு வந்து, வளர வளரக் குறைந்துவிடும். அது பெரும்பாலும் தூக்கத்தில், துடிப்பு மெதுவாக இருக்கும் நேரத்தில் வருவது. கிளினிக்கில் முழித்துக்கொண்டு துள்ளும் குட்டிக்கு எத்தனை ஈசிஜி எடுத்தாலும் கிடைக்காது. ராத்திரி முழுக்க ஓடும் ஹோல்டரில்தான் சிக்கும்.

மேலறை சீரில்லாமல் படபடக்கும் நோய் வந்த நாய்களுக்கும் வீட்டுப் பதிவு உதவும். கிரேட் டேன், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் மாதிரிப் பெரிய நாய்களுக்கு இது அதிகம். துடிப்பின் வேகத்தைக் குறைக்க மருந்து கொடுப்பார்கள், எந்த அளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. 24 மணி நேரச் சராசரி நிமிடத்துக்கு 125-க்குக் கீழே இருந்த நாய்கள் அதிக நாள் வாழ்ந்தன என்று ஆய்வு உண்டு. கிளினிக்கில் பயந்துபோய் 180 காட்டும் நாய்க்கு அதைப் பார்த்து மருந்தைக் கூட்டினால், வீட்டில் அது படுத்திருக்கும்போது துடிப்பு அளவுக்கு மீறிக் குறைந்துபோகலாம்.

சரி, மாதத்துக்கு ஒரு தடவை விழுகிற நாய்க்கு என்ன செய்வது? ஒரு நாள் ஹோல்டர் மாட்டினால் அந்த நாளில் அது விழாமல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். எந்தக் கருவி வேண்டும் என்பதை நிர்ணயிப்பது, தொந்தரவு எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதுதான். தினமும் வந்தால் ஹோல்டர் போதும். வாரம் ஒரு தடவை என்றால் ஒரு வாரம் ஓடும் கருவி, அல்லது நிகழ்வுப் பதிவுக் கருவி. இந்த இரண்டாவது வகை சமீபத்திய சில நிமிடங்களை மட்டும் நினைவில் வைத்துப் பழையதை அழித்துக்கொண்டே ஓடும். நாய் விழுந்ததும் நீங்கள் பட்டனை அழுத்தினால், விழுவதற்கு முன்பு நடந்ததும் சேர்ந்து பதிவாகிவிடும். யாராவது வீட்டில் இருந்து பட்டனை அழுத்த வேண்டும் என்பதுதான் இதன் குறை. மாதக்கணக்கில் ஒரு முறை வரும் மயக்கத்துக்குத் தோலுக்கு அடியில் வைக்கும் சிறு கருவி இருக்கிறது. மனிதர்களுக்காக மெட்ரானிக் நிறுவனம் செய்யும் ரிவீல் லிங்க் என்ற கருவி சுண்டுவிரலைவிடச் சிறியது, பேட்டரி மூன்று வருடம் வரை வரும், அதையே நாய்களுக்கும் வைக்கிறார்கள். சின்ன அறுவை, ஆனால் செலவு சின்னதல்ல, எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை.

இதற்கு நடுவில் போன் ஈசிஜி ஒன்று புகுந்துகொண்டது. அமெரிக்காவில் அலைவ்கோர் நிறுவனம் ஐபோன் கவர் போல ஒரு ஈசிஜியைச் செய்தது. மனிதர்களுக்கு விற்க, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அந்நாட்டு அமைப்பான எஃப்டிஏ-வின் அனுமதி வேண்டும், அது 2012-இன் கடைசியில்தான் கிடைத்தது, விலங்குகளுக்கான கருவிகளுக்கு அங்கே அந்த முன்அனுமதி தேவையில்லை என்பதால் கால்நடை மருத்துவர்களுக்கு அது சீக்கிரமே போய்ச் சேர்ந்தது. இரண்டு உலோகத் தகடுகள் உள்ள பட்டையை நாயின் இடது மார்பில், முடியை விலக்கி ஈரமாக்கி, அழுத்திப் பிடித்தால் முப்பது விநாடிப் பதிவு திரையில் ஓடும். இத்தாலியில் பீசா பல்கலைக்கழகத்தில் 2016-இல் வழக்கமான ஈசிஜியோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். துடிப்பின் வேகத்தையும் தாளத்தையும் நன்றாகவே பிடிக்கிறது, ஆனால் அலைகளின் உயரத்தையும் திசையையும் அளக்க இதை நம்ப முடியாது என்று தெரிந்தது.

இதை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றால், ஏற்கெனவே நோய் தெரிந்து மருந்தில் இருக்கும் நாய்க்கு, டாக்டர் சொல்லி, வாரம் ஒரு முறை எடுத்து அவருக்கு அனுப்புவதற்கு நல்ல கருவி. நாய் மயங்கிக் கிடக்கும் அந்தப் பத்து விநாடிக்குள் போனைத் தேடி, ஆப்பைத் திறந்து, தகட்டை வைத்துப் பதிவு செய்வது எல்லாருக்கும் நடக்கிற காரியமில்லை. அப்புறம் அந்த ஆப் தானாகச் சொல்லும் தீர்ப்பை, இயல்பு, சந்தேகம் என்று வருமே, நாய் விஷயத்தில் கண்டுகொள்ளாதீர்கள். மூச்சோடு சேர்ந்து மாறும் நாயின் துடிப்பு அதற்கு நோயாகத் தெரியும், நாயின் சாதாரண வேகமே மனிதக் கணக்கில் அதிகமாகத் தெரியும். கோட்டை மட்டும் அனுப்புங்கள், படிக்க வேண்டியவர் படிக்கட்டும். கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்சை நாய் காலில் கட்டிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் கருவி, முடியும் கருமையான தோலும் அதற்கு எதிரி, வரும் எண்ணுக்கு மதிப்பில்லை.

பூனை தனி ரகம். ஜாக்கெட்டை மாட்டிய உடனே பல பூனைகள் எலும்பே இல்லாத மாதிரிப் பொத்தென்று சாய்ந்து படுத்துவிடும், நடக்கவே மறுக்கும், பதிவு முழுக்கப் படுத்துக்கிடக்கும் பூனையின் இதயம்தான். கிளினிக்கில் பூனையின் துடிப்பு எளிதாக 200-ஐத் தொடும், வீட்டில் அதே பூனைக்கு அதைவிட நன்றாகக் குறைவு. ஆனாலும் மாட்டத்தான் வேண்டும் என்கிற சந்தர்ப்பம் உண்டு. வலிப்பு என்று மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சில பூனைகளுக்கு ஹோல்டர் வைத்துப் பார்த்தபோது, மேலறையிலிருந்து கீழறைக்குத் தூண்டல் போகாமல் அவ்வப்போது நின்றுவிடுவதுதான் காரணம் என்று தெரிந்திருக்கிறது. மூளைக்கு ரத்தம் போகாத அந்தச் சில விநாடிகள் பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும், வலிப்பு மருந்து அதற்கு உதவாது.

நாய்களிலும் இந்தக் குழப்பம்தான் அதிகம். பொதுவாக இதய மயக்கத்தில் உடம்பு துவண்டுபோகும், சில விநாடிகளில் தெளியும், எழுந்ததும் பழைய நாய்தான். வலிப்பில் கால்கள் வெட்டி இழுக்கும், எச்சில் ஒழுகும், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆளையே தெரியாமல் சுற்றும். இரண்டும் கலந்து குழப்புவதும் உண்டு, அதனால் பக்கத்தில் இருக்கும் யாராவது போனில் வீடியோ எடுத்துவிடுவது நல்லது. ஹோல்டருக்கு முன்பே அந்த வீடியோவைப் பார்த்துப் பாதி முடிவுக்கு வரும் டாக்டர்கள் உண்டு.

பதிவின் முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நாய் கருவியோடு இருக்கும்போது விழுந்தது, அந்த நேரத்தில் துடிப்பு சீராக இருந்தது என்றால் அது மிகப் பெரிய தகவல், துடிப்புக் கோளாறு காரணமில்லை, வேறு இடத்தில் தேடலாம். துடிப்பு ஆறு விநாடி நின்றிருந்தது என்றால் பேஸ்மேக்கர் பற்றிப் பேச்சு தொடங்கும். மினியேச்சர் ஷ்னாசர், வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர், காக்கர் ஸ்பேனியல் மாதிரி இனங்களில் கணு சோம்பும் இந்த நோய் பழக்கமானது. ஆனால் நாய் அந்த 24 மணி நேரமும் விழவே இல்லை, பதிவும் சுத்தம் என்றால் கேள்வி அப்படியே நிற்கிறது, மறுபடி மாட்ட வேண்டும் அல்லது நீண்ட நாள் கருவிக்குப் போக வேண்டும். பணம் வீணாகிவிட்டதே என்று டாக்டரிடம் கோபப்படுவதில் நியாயமில்லை. இன்னொன்று, ஹோல்டர் தாளத்தை மட்டும்தான் சொல்லும், இதயம் ரத்தத்தை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது, வால்வு கசிகிறதா என்பதெல்லாம் எக்கோவின் வேலை.

வீட்டில் காசில்லாமல் செய்யக்கூடியது மூச்சு எண்ணுவது. இதய நோய் உள்ள நாயோ பூனையோ நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் சேர ஆரம்பித்திருக்கலாம், டாக்டருக்குப் போன் போடுங்கள். ஹோல்டருக்கு தேதி வாங்கிக் காத்திருக்கும் நாட்களில், ஒரே நாளில் பல தடவை விழுந்தாலோ, விழுந்து எழாமல் கிடந்தாலோ, ஈறு வெளுத்தோ நீலமாகவோ இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், அவசர சிகிச்சைக்கு உடனே தூக்கிக்கொண்டு போங்கள்.